ஏட்டில் பெயர் இல்லாத ஓட்டனைத் தேடுவது எப்படி?

எங்கள் வீட்டுப் பழைய வேதாகமத்தின் முன் அட்டைக்குள் மையால் எழுதிய ஒரு வரி உண்டு. "மதுரையான் ஞானஸ்நானம் கொல்லம் ௲௨௰௧ ௵ மாசி ௴." அவ்வளவுதான். என் தாத்தாவுக்குத் தாத்தா அவர். எங்கள் பக்கத்தில் ஓட்டன் என்போம். ஊர், சாத்தான்குளத்துக்கும் நாசரேத்துக்கும் நடுவில் தேரிக்காட்டு ஓரம். மதுரையிலிருந்து பிழைக்க வந்தவர், அதனால்தான் அந்தப் பெயர் என்று வீட்டில் எல்லாரும் சொல்லுவார்கள். நானும் அதை நம்பி மதுரைப் பக்கமே பல வருஷம் தேடினேன். 1834இல் தொடங்கிய அமெரிக்க மதுரை மிஷன் வரைக்கும் படித்துப் பார்த்தேன். ஒரு தடயமும் கிடைக்கவில்லை.

கடைசியில் அவர் கிடைத்தது எங்கள் ஊரிலிருந்து ஒன்பது மைல் தள்ளி, ஒரு தாய்ச் சபையின் (சுற்றியுள்ள சிறு சபைகளுக்குத் தலைமையான கோயில்) இரும்புப் பெட்டிக்குள் இருந்த ஞானஸ்நான ஏட்டில். அந்தத் தேடலில் நான் எங்கெங்கே முட்டிக்கொண்டேன், எது வழிவிட்டது என்பதை இங்கே எழுதுகிறேன். திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டக் கிறிஸ்தவக் குடும்பங்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். உங்களுக்கு எந்த இடத்தில் தடங்குகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெயரைத் துரத்தாதீர்கள். பெயர் மாறும். ஊர், மனைவி, பிள்ளைகளின் ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனாக நின்றவர், இந்த மூன்றும் அவ்வளவு சுலபமாக மாறாது. தேடலை இந்த மூன்றின் மேல் நிறுத்துங்கள்.

"வீட்டில் சொல்லும் பெயர் ஏட்டிலேயே இல்லை"

அநேகருக்கு வருகிற முதல் தடங்கல் இதுதான். ஒரே ஆளுக்கு மூன்று பெயர் இருந்திருக்கும். பிறந்தபோது வைத்தது ஒன்று, பெரும்பாலும் குலதெய்வத்தின் பெயர். ஞானஸ்நானத்தில் வாங்கியது ஒன்று. ஊர் கூப்பிட்டது மூன்றாவது. வீட்டில் நிலைத்திருப்பது பெரும்பாலும் ஊர்ப்பெயர். ஏட்டில் இருப்பதோ ஞானஸ்நானப் பெயர். இரண்டும் சந்திக்கிற இடம் மிகவும் குறைவு.

வழி என்னவென்றால், அவரை விட்டுவிட்டு அவருடைய பிள்ளைகளைத் தேடுங்கள். பிள்ளைகளின் காலம் நமக்குக் கிட்ட இருக்கிறது. அவர்கள் பெயர் வீட்டில் யாருக்காவது தெரியும். பிள்ளையின் திருமணப் பதிவில் தகப்பன் பெயர் ஞானஸ்நானப் பெயராகவே வரும். 1872இல் வந்த இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்துக்குப் பிறகு இந்தப் பதிவுகள் ஒரே ஒழுங்கில் இருக்கும். மேலிடத்துக்குப் பிரதியும் போயிருக்கும். எனக்கு வழி திறந்தது என் பூட்டனின் (ஓட்டனின் மகன், என் தாத்தாவின் அப்பா) 1884ஆம் வருஷத் திருமணப் பதிவில். தகப்பன் பெயர் என்ற கட்டத்தில் மதுரையான் இல்லை. நான் அதுவரை கேள்விப்பட்டே இராத ஒரு வேதாகமப் பெயர் இருந்தது.

அந்தப் பெயரை வைத்துக்கொண்டு ஞானஸ்நானப் பதிவேட்டில் பின்னோக்கிப் போங்கள். குழந்தை ஞானஸ்நானத்துக்கும் பெரியவர்கள் ஞானஸ்நானத்துக்கும் சில சபைகளில் தனித்தனி ஏடு உண்டு. பெரியவர்கள் ஏட்டில் "முன் பெயர்" என்று ஒரு கட்டம் இருந்தால் விடாதீர்கள், மூன்று பெயரும் ஒரே வரியில் சேர்வதற்கு வாய்ப்பு உள்ள இடம் அதுதான்.

கத்தோலிக்கக் குடும்பமாக இருந்தால் இன்னொரு திருப்பம் உண்டு. வீட்டில் இராயப்பன் என்பார்கள்; பங்குச் சாமியார் லத்தீனில் பேத்ருஸ் என்று எழுதியிருப்பார். சின்னப்பன் என்றால் பவுலுஸ். அருளப்பன் என்றால் யொவான்னெஸ். சூசை என்றால் யோசேஃபுஸ். சவரிமுத்து சவேரியுஸாக இருப்பார். அதே அப்போஸ்தலர்களைச் சீர்திருத்த (புராட்டஸ்டண்ட்) சபையில் பேதுரு, பவுல், யோவான் என்பார்கள். இதனால் ஒரு சௌகரியமும் உண்டு. குடும்பம் எந்தச் சபை என்று தெரியாதபோது, பெயரே சொல்லிவிடும். தாத்தாவின் அண்ணன் பெயர் இராயப்பன் என்றால் கத்தோலிக்கப் பங்கிலிருந்து தொடங்கலாம், பேதுரு என்றால் மிஷன் சபையிலிருந்து தொடங்கலாம். நடுவில் சபை மாறிய குடும்பங்களில் இரண்டு வகைப் பெயரும் கலந்து கிடக்கும். அதுவும் ஒரு தடயமே.

இணையத்தில் உள்ள பெயர்ப் பட்டியல்களில் தேடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆங்கிலத்தில் எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறார். ஞானமுத்து என்ற பெயரின் முதல் எழுத்தை ஜி-என் என்றும் எழுதியிருப்பார்கள், என்-ஒய் என்றும் எழுதியிருப்பார்கள், வெறும் என் என்றும் விட்டிருப்பார்கள். முழுப்பெயரைத் தட்டாமல் "முத்து" மாதிரி பின்பாதியை மட்டும் கொடுத்து, ஊரையும் வருஷத்தையும் வைத்து வடிகட்டுங்கள்.

"எங்கள் கோயிலில் அவ்வளவு பழைய ஏடு இல்லை என்கிறார்கள்"

உண்மையாகவே இல்லாமல் இருக்கலாம். ஆனால் அந்தக் காலத்தில் உங்கள் ஊர் எந்தச் சேகரத்தில் (ஒரு குருவின் பொறுப்பில் உள்ள சபைகளின் தொகுதி) இருந்தது என்று கேட்டீர்களா? இன்றைக்குத் தனிச் சேகரமாக உள்ள பல ஊர்கள் நூற்றைம்பது வருஷத்துக்கு முன் ஓர் உபதேசியார் (குருப்பட்டம் இல்லாத சபை ஊழியர்) மட்டும் இருந்த சிறு சபைகள். ஐயர் (சபைக் குருவை அப்படித்தான் சொல்வோம்) வருகிற அன்றைக்கோ தாய்ச் சபையிலோதான் ஞானஸ்நானம் நடக்கும். ஏடு ஐயரோடேயே இருக்கும். ஆகவே இன்றைய எல்லையை மறந்துவிட்டு, அன்று அந்தப் பகுதிக்கு மிஷன் தலைமையிடம் எது என்று கண்டுபிடிக்க வேண்டும்.

நம் பக்கத்தில் இது ஓரளவு தெளிவாகவே பிரிந்திருக்கிறது. முதலூர், நாசரேத், சாயர்புரம், இடையன்குடி எல்லாம் எஸ்.பி.ஜி. (சொசைட்டி ஃபார் தி ப்ராபகேஷன் ஆஃப் தி காஸ்பல்) என்ற ஆங்கிலேய மிஷன் சங்கம். மெஞ்ஞானபுரம், டோனாவூர், பண்ணைவிளை, சுவிசேஷபுரம் எல்லாம் சி.எம்.எஸ். (சர்ச் மிஷனரி சொசைட்டி) என்ற இன்னொரு சங்கம். நாகர்கோவில், மயிலாடி, நெய்யூர் லண்டன் மிஷன். நாசரேத்துக்கும் மெஞ்ஞானபுரத்துக்கும் இடையில் உள்ள ஊர்க்காரர்கள் கவனமாக இருக்க வேண்டும். பக்கத்துப் பக்கத்து ஊர்கள் வேறு வேறு மிஷனில் இருந்தன. எங்கள் தேடல் மூன்று மாதம் தவறான மிஷனிலேயே சுற்றியது அதனால்தான்.

1830-களைத் தேடுகிறவர்களுக்கு இன்னொரு முடிச்சு இருக்கிறது. 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ் ஐயர் 1835இல் சி.எம்.எஸ்ஸை விட்டுப் பிரிந்தார். பல சபைகள் அவரோடு போயின. 1838இல் அவர் இறந்த பிறகுதான் அவை திரும்பிச் சேர்ந்தன. உங்கள் ஊர் ஏட்டில் அந்த இரண்டு மூன்று வருஷம் மட்டும் வெற்றாக இருந்தால், ஏடு தொலைந்தது என்று முடிவுகட்டும் முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

1780-ஐ ஒட்டித் தேடுகிறீர்களா? பாளையங்கோட்டைச் சபையின் அந்த வருஷப் பதிவில் மொத்தமே 40 பேர்தான். 1778இல் சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்ற கிளாரிந்தா அம்மாளைச் சுற்றி உருவான சபை அது. அதற்கு முந்தி எங்கள் குடும்பம் இந்தச் சபையில் இருந்தது என்று யாராவது சொன்னால், தரங்கம்பாடி, தஞ்சாவூர்ப் பக்கம் தொடர்பு இருக்கிறதா என்று பாருங்கள். தரங்கம்பாடி மிஷனின் காகிதங்கள் ஜெர்மனியில் ஹாலே நகரத்து ஃபிராங்கே நிறுவனத்தில் பத்திரமாக உள்ளன.

கத்தோலிக்க ஊர்களில் சிக்கல் வேறு மாதிரி. 1773இல் இயேசு சபை (ஜெசூட் துறவிகள்) கலைக்கப்பட்டது. 1838 வாக்கில்தான் மதுரை மிஷனுக்கு (முன்னே சொன்ன அமெரிக்க மிஷன் அல்ல, இது கத்தோலிக்க மிஷன்) அவர்கள் திரும்ப வந்தார்கள். இடைப்பட்ட காலத்தில் பொறுப்பில் இருந்தவர்கள் கோவாவிலிருந்து வந்த குருக்கள். திரும்பி வந்தபின் இரண்டு தரப்பும் ஒரே ஊரில் உரிமை கேட்டன. சில ஊர்களில் இரண்டு கோயில், இரண்டு ஏடு. ஒன்றில் இல்லாதவர் மற்றொன்றில் இருப்பார். இயேசு சபையாரின் மிஷன் ஆவணங்கள் கொடைக்கானல் செண்பகனூரில் உள்ளன.

வெளிநாட்டு ஆவணக் காப்பகங்களைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை பரவியிருக்கிறது. சி.எம்.எஸ். காகிதங்கள் பர்மிங்காம் பல்கலைக்கழகத்திலும், எஸ்.பி.ஜி. காகிதங்கள் ஆக்ஸ்ஃபோர்டிலும், லண்டன் மிஷன் காகிதங்கள் லண்டனிலும் உள்ளன; இது சரி. ஆனால் அவை முக்கியமாகக் கடிதங்களும் அறிக்கைகளும். ஞானஸ்நானப் பதிவேட்டுக்காக அங்கே எழுதிப் பயனில்லை. உங்கள் ஓட்டன் உபதேசியாராகவோ வாத்தியாராகவோ இருந்திருந்தால் மட்டும் கட்டாயம் எழுதுங்கள், ஐயர்மார் கடிதங்களில் அப்படிப்பட்டவர்களின் பெயர் வரும். பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ள மதராஸ் திருச்சபைப் பதிவுகளின் பிரதிகளில் பெரும்பாலும் ஐரோப்பியரும் ஆங்கிலோ இந்தியரும்தான். நம் ஆட்கள் ஆங்காங்கே வருவார்கள். அதை மட்டும் நம்பி இருக்க முடியாது.

"வருஷம் பொருந்தவே இல்லை"

எங்கள் வேதாகம வரிக்கு வருகிறேன். ௲௨௰௧. என் சித்தப்பா மகன் அதை 1201 என்று படித்தான். அப்படிப் படிப்பது இயல்புதான். ௲ ஒன்று மாதிரி முதலில் நிற்கிறது, ௰ பூஜ்யம் மாதிரி நடுவில் இருக்கிறது. 1201 எந்தக் கணக்கிலும் ஒத்துவராததால் அந்த வரியையே நாங்கள் ஓரமாக வைத்துவிட்டோம்.

பழைய தமிழ் எண்முறையில் பூஜ்யம் கிடையாது. ௰ என்பது பத்து, ௱ நூறு, ௲ ஆயிரம். முன்னால் நிற்கும் எண்ணால் பெருக்க வேண்டும், பின்னால் நிற்பதைக் கூட்ட வேண்டும். ௲௨௰௧ என்றால் ஆயிரம், இரண்டு பத்து, ஒன்று. அதாவது 1021. இதே முறையில் ௲௮௱௪௰௬ என்றால் 1846. வயதைப் படிக்கும்போது இன்னும் கவனம் வேண்டும். ௰௨ என்றால் 12, ௨௰ என்றால் 20. இரண்டும் ஒரே இரண்டு எழுத்துதான், இடம் மட்டும் மாறியிருக்கிறது. மங்கிய தாளில் இதை மாற்றிப் படித்தால் வளர்ந்த ஆள் சிறுவனாகிவிடுவான். எண்களை ஒட்டி வரும் ௵ வருஷம், ௴ மாதம், ௳ தேதி.

அடுத்தது கொல்லம் ஆண்டு. நெல்லை, குமரிப் பக்கத்துப் பழைய பத்திரங்களிலும் வீட்டுக் குறிப்புகளிலும் இது சாதாரணம். ஆவணி முதல் தேதி வருஷம் பிறக்கும். ஆவணியிலிருந்து டிசம்பர் முடியும்வரை உள்ள தேதிக்கு 824 கூட்டுங்கள். ஜனவரியிலிருந்து ஆடி முடியும்வரை 825 கூட்டுங்கள். கொல்லம் 1021 மாசி என்றால் 1846 பிப்ரவரி அல்லது மார்ச். இந்தக் கணக்கைப் போட்ட அன்றைக்கு ராத்திரி நான் தூங்கவில்லை. எண்பது பக்கம் புரட்ட வேண்டியிருந்த ஏடு நாலு பக்கமாகச் சுருங்கிவிட்டது.

அறுபது வருஷச் சுழற்சிப் பெயர்களும் வரும். "தாது வருஷத்தில் வேதத்துக்கு வந்தார்கள்" (கிறிஸ்தவர்களானார்கள்) என்று பெரியவர்கள் சொன்னால் அது 1876-77, பெரும் பஞ்ச காலம். ஆனால் 1936-37ம் தாது வருஷம்தான். சொல்கிறவரின் வயதையும், யாரைப் பற்றிச் சொல்கிறார் என்பதையும் வைத்து எந்தச் சுற்று என்று முடிவு செய்யுங்கள்.

லத்தீன் ஏடுகளில் மாதப் பெயரைச் சுருக்கும்போது 7 என்று எண் போட்டுப் பக்கத்தில் சின்னதாக எழுத்து போட்டிருப்பார்கள். அது ஜூலை அல்ல, செப்டம்பர். லத்தீனில் செப்தெம் என்றால் ஏழு. அதே மாதிரி 8 என்றால் அக்டோபர், 9 என்றால் நவம்பர், 10 அல்லது அதற்கான ரோமன் எழுத்து என்றால் டிசம்பர். பிறந்ததற்கு இரண்டு மாதம் முன்பே ஞானஸ்நானம் ஆனதாக ஒரு பதிவு வந்தால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள்.

வயது விஷயத்தில் ஐந்து வருஷம் முன்பின் தாராளமாகக் கொடுங்கள். பிறந்த தேதி யாருக்கும் தெரியாத காலம் அது. எழுதியவர் ஆளைப் பார்த்து இருபது, முப்பது, நாற்பது என்று போட்டிருப்பார்.

"சென்சஸில் தேடினேன், ஒன்றுமே வரவில்லை"

வராது. வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர்கள் அங்குள்ள நண்பர்களைப் பார்த்துவிட்டு இதைக் கேட்பார்கள். இங்கிலாந்தில் 1841 முதல் வீடுவாரியாகப் பெயர் உள்ள கணக்கெடுப்புத் தாள்கள் இருக்கின்றன. நூறு வருஷம் கழித்துத் திறக்கிறார்கள், 1921ஆம் வருஷத்தது 2022இல் வந்தது. அமெரிக்காவில் 72 வருஷத்தில் திறப்பார்கள். அயர்லாந்தின் 1901, 1911 தாள்களை இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம்.

இந்தியாவில் மதராஸ் மாகாணத்தில் 1871இல் கணக்கெடுத்தார்கள், 1881 முதல் நாடு முழுக்க ஒரே நேரத்தில் எடுத்தார்கள். ஆனால் எண்ணிக்கையைத் தொகுத்து அறிக்கை அச்சிட்டபின் பெயர் எழுதிய தாள்களை வைத்திருக்கவில்லை. சுதந்திரத்துக்குப் பிறகான தாள்களையும் 1948ஆம் வருஷச் சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி யாரும் பார்வையிட முடியாது. உங்கள் ஓட்டனின் 1881ஆம் வருஷ சென்சஸ் தாளை எடுத்துத் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

அச்சான அறிக்கைகளால் பயன் இல்லாமல் இல்லை. தாலுகாவில் கிறிஸ்தவர் எத்தனை பேர், எந்தச் சாதி எவ்வளவு என்று தெரிந்தால், நீங்கள் கண்டுபிடித்த ஆள் அந்த இடத்துக்குப் பொருந்துகிறாரா என்று சரிபார்க்கலாம்.

வீடுவாரியான கணக்கு வேண்டும் என்றால் கோயிலிலேயே கேளுங்கள். கத்தோலிக்கப் பங்குகளில் குடும்பப் புத்தகம் வைக்கும் வழக்கம் உண்டு. லத்தீனில் ஸ்தாத்துஸ் அனிமாரும் என்பார்கள், ஆன்மாக்களின் நிலைமை என்று பொருள். ஒரு பக்கத்தில் ஒரு குடும்பம். தகப்பன், தாய், பிள்ளைகள், மருமகள், யார் எப்போது இறந்தார், யார் எந்தப் பங்குக்குக் கட்டிக்கொடுக்கப்பட்டார் எல்லாம் இருக்கும். என்னைக் கேட்டால் சென்சஸைவிட இது உசத்தி. மிஷன் சபைகளில் இவ்வளவு ஒழுங்காகக் கிடைக்காது. ஆனால் சந்தாக் கணக்கு, பள்ளிக்கூடச் சேர்க்கை ஏடு, திடப்படுத்தல் (சபையில் முழு உறுப்பினராக ஏற்கும் சடங்கு) பட்டியல் இவற்றை ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஊரே எழுந்து நிற்கும். 1860-களின் நடுவிலிருந்து சார்பதிவாளர் அலுவலகங்களில் பதிவான பத்திரங்களில் தகப்பன் பெயர், சாதி, ஊர் மூன்றும் வரும். ஒரு பனைவிளையை விற்றிருந்தால்கூடப் போதும், ஆள் சிக்கிவிடுவார்.

"ஒரே பெயரில் நாலு பேர்"

வேதாகமப் பெயர்கள் எண்ணிக்கையில் குறைவு. ஒரு சின்ன ஊரில் ஒரே சமயத்தில் நாலு யாக்கோபு இருப்பது சகஜம். இங்கேதான் பெரும்பாலானோர் தங்களுக்குப் பிடித்த ஆளை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

நாலு பேருக்கும் தனித்தனித் தாள் போடுங்கள். மனைவி பெயர், பிள்ளைகள் ஞானஸ்நானம் பெற்ற வருஷங்கள், ஒவ்வொரு பிள்ளைக்கும் ஞானப்பெற்றோராக நின்றவர்கள், தொழில், தெரு, எல்லாவற்றையும் எழுதுங்கள். பிறகு அடக்கப் பதிவேட்டில் ஒவ்வொருவரும் எப்போது அடக்கம் செய்யப்பட்டார் என்று பாருங்கள். சின்ன வயதில் இறந்தவர் கழிந்தார். மனைவி பெயர் ஒவ்வாதவர் கழிந்தார். மீதி இருப்பவரை ஞானப்பெற்றோர் காட்டிக்கொடுப்பார்கள். யாரோ வழிப்போக்கரை யாரும் பிள்ளைக்கு ஞானத்தகப்பனாக நிறுத்த மாட்டார்கள்; தாய்மாமனோ, பெரியப்பாவோ, இவரை வேதத்துக்கு அழைத்துவந்த உபதேசியாரோதான் நிற்பார்கள்.

என் ஓட்டனின் ஞானஸ்நானப் பெயரில் அந்தத் தாய்ச் சபை ஏட்டில் மூன்று பேர் இருந்தார்கள். என் பூட்டனுக்கும், பூட்டனின் இரண்டு அக்காமாருக்கும் ஞானத்தகப்பன் ஒரே உபதேசியார். 1846 பிப்ரவரிப் பதிவிலும் சாட்சி அவர்தான். ஊரும் எங்கள் ஊர்தான். வயது ௨௰. 1888ஆம் வருஷ அடக்கப் பதிவில் வயது 60 என்று இருந்தது. இருபதிலிருந்து கணக்குப் போட்டால் 62 வரும். அறுபது என்று எழுதியவரை நான் குறை சொல்ல மாட்டேன். மூன்று இடத்தில் ஒத்துப்போனால் ஏற்றுக்கொள்ளலாம் என்பது என் அளவுகோல். இரண்டுதான் என்றால் பக்கத்தில் கேள்விக்குறி போட்டு வைப்பேன்.

பெண்களைத் தேடும்போது இதே வேலை இரட்டிப்பாகும். பழைய பதிவுகள் பலவற்றில் "இன்னார் மனைவி" என்று மட்டும் இருக்கும். அவள் பிறந்த ஊரைப் பிடிக்க ஒரே வழி திருமணப் பதிவுதான்; அது பெரும்பாலும் பெண் வீட்டுச் சபையில் இருக்கும்.

"பெயர் பெர்னாண்டோ. மூதாதை போர்ச்சுக்கீசியரா?"

அநேகமாக இல்லை. முத்துக்குளித்துறைப் பரதவர்கள் 1535-37இல் கூட்டமாக ஞானஸ்நானம் பெற்றபோதும் அதற்குப் பிறகும் போர்ச்சுக்கீசியப் பெயர்களை ஏற்றார்கள். பெர்னாண்டோ, ரொட்ரிகோ, கோமஸ், மச்சாது எல்லாம் அப்படி வந்தவை. பெயரை மட்டும் வைத்துக் கப்பலேறி வந்த மூதாதையைத் தேட வேண்டாம். அதே ஊரில் அதே குடும்பப் பெயரில் சம்பந்தமில்லாத பல குடும்பங்கள் இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

"நடுவில் ஆளைக் காணோம்"

பிள்ளைகளின் ஞானஸ்நானம் வரிசையாக வருகிறது, திடீரென்று நின்றுவிடுகிறது, அடக்கப் பதிவும் இல்லை. முதலில் வருஷத்தைப் பாருங்கள். 1877, 78 என்றால் பஞ்சமும் காலராவும். அடக்கம் எழுதக்கூட ஆள் இல்லாத மாதங்கள் அவை. அதே சமயத்தில் கூட்டங்கூட்டமாகப் புதியவர்கள் சபைக்கு வந்ததும் அப்போதுதான், ஏட்டில் எழுத்து அவசர அவசரமாக இருக்கும், பெயர்கள் விட்டுப்போயிருக்கும்.

பஞ்சம் இல்லாத வருஷம் என்றால் இலங்கையை நினையுங்கள். காபித் தோட்டங்களுக்குப் போய் ஆறு மாதம் இருந்துவிட்டுத் திரும்புவது நம் பக்கத்தில் வழக்கமாகவே இருந்தது. அங்குள்ள தோட்டத் தமிழரிடையே 1854இல் தொடங்கிய மிஷன் பணியில் திருநெல்வேலி உபதேசியார்கள் வேலை பார்த்தார்கள். ஒரு பிள்ளையின் ஞானஸ்நானம் கண்டிச் சீமையில் நடந்திருக்கலாம். தென்னாப்பிரிக்கா நேட்டாலுக்குப் போனவர் என்றால் அதிர்ஷ்டம்தான். 1860இல் மதராஸிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் தொடங்கி 1911 வரை போன ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குக் கப்பல் பட்டியல் இருக்கிறது. பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம் என்று நம் ஊர் ஏட்டில் கிடைக்காததெல்லாம் அதில் கிடைக்கும்.

இவை எதுவும் இல்லையென்றால், அடுத்த ஊர்ச் சபையைப் பாருங்கள். கோயிலில் ஒரு சண்டை வந்தால் பாதித் தெரு வேறு சபைக்குப் போய்விடும். பழைய வழிபாட்டுக்கே திரும்பிய குடும்பங்களும் உண்டு. அவர்களுடைய பங்காளிகள் இன்றும் அதே ஊரில் இருப்பார்கள். அவர்களிடம் போய்ப் பேசுங்கள், நம் வீட்டில் மறந்த கதை அங்கே நினைவிருக்கும்.

"ஏடு கிடைத்துவிட்டது, எழுத்துத் தெரியவில்லை"

ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு போய் ஐயரிடம் கேட்காதீர்கள். வார நாளில், எந்த வருஷம் முதல் எந்த வருஷம் வரை என்று குறித்துக்கொண்டு போங்கள். படம் எடுக்க அனுமதி வாங்குங்கள். முதலில் அட்டை, அப்புறம் முழுப் பக்கம், கடைசியாக உங்கள் வரி. வரியை மட்டும் எடுத்து வந்தால் எந்த ஏடு, எத்தனையாவது பக்கம் என்று பிறகு நீங்களே திணறுவீர்கள். மங்கிய மை தெரிய, டார்ச்சை மேலிருந்து அடிக்காமல் தாளுக்குப் பக்கவாட்டில் பிடியுங்கள். பேனா அழுத்திய தடம் எழும்பித் தெரியும். செல்லரித்த தாளை நாமாகப் பிரிக்கவே கூடாது. கையெழுத்துப் புரியவில்லை என்றால், அதே கை எழுதிய, உங்களுக்குத் தெரிந்த ஊர்ப்பெயர்களைத் தேடி எடுத்து, ர எப்படி, ற எப்படி, ன எப்படி என்று எழுத்து எழுத்தாகப் பழகுங்கள்.

"கண்டுபிடித்தாயிற்று, வீட்டில் ஒப்புக்கொள்ள மறுக்கிறார்கள்"

ஏடுகள் சாதியை எழுதும், முன் பெயரை எழுதும், சில சமயம் முறைதவறிய உறவையும் எழுதும். எல்லா வீட்டிலும் இதை வரவேற்க மாட்டார்கள். மறைக்கவும் வேண்டாம், சபையில் போட்டு உடைக்கவும் வேண்டாம். வயதில் மூத்தவரிடம் தனியாக, படத்தைக் கையில் கொடுத்துச் சொல்லுங்கள். நான் அப்படித்தான் என் அப்பாவின் அக்காவிடம் போனேன். எண்பத்தெட்டு வயது. எனக்கு ஓட்டன் என்றால் அவர்களுக்குப் பூட்டன்.

"அத்தை, உங்க பூட்டன் மதுரைக்காரர் இல்ல, நம்ம ஊருதான்" என்றேன்.

"போடா, அவரு மதுரையில இருந்து நடந்தே வந்தவரு. எங்க அப்பா சொல்லியிருக்காக."

படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். முன் பெயர் என்ற கட்டத்தில், கொஞ்சம் சாய்ந்த கையெழுத்தில், மதுரைவீரன் என்று இருந்தது. காவல் தெய்வத்துக்கு நேர்ந்து வைத்த பெயர். வேதத்துக்கு வந்து புதுப்பெயர் வாங்கியபிறகும் ஊர் அவரை மதுரையான் என்றே கூப்பிட்டிருக்கிறது. அந்தச் சொல்லை வைத்து நாங்கள்தான் ஒரு பயணத்தையே கட்டிவிட்டோம்.

அத்தை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்த எழுத்தை ஒவ்வொன்றாகக் கூட்டி வாசித்தார்கள். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார்கள்: "அப்போ அந்த மதுரைவீரன் கோயில் எங்க இருந்துச்சு?"

இப்போதும் இருக்கிறது. எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்குப் போகிற வழியில், மூன்று பனைக்கு நடுவே, மேடை மாதிரி ஒரு சின்னப் பீடம். கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவத்தியும் பூவும் எடுத்துக்கொண்டு வருஷா வருஷம் அதைக் கடந்துதான் நாங்கள் எல்லாரும் போகிறோம்.